முடியாது என்று சொல்வதற்கு முன் ஒரு போர்

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் மழை. பூசைக்கு வந்தவர்கள் குறைவு. பிறகு வெங்காயப் பாத்தியில் களை எடுத்தேன். பாதி முடிந்திருந்தபோது ஓஸ்லாக் பிரபு வந்தார்.

மீதியை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

என் மகள் மில்த்ரித்தைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி கேட்டார். கேட்டார் என்பது சரியான சொல் இல்லை. அறிவித்தார். "ரெண்டு பொண்டாட்டியப் பொதச்சாச்சு. வீடு வெறிச்சுன்னு கெடக்கு. உங்க மக பாலாடைக்கட்டி நல்லாச் செய்யறா. என்ன சொல்றீங்க மாமா?"

என்னைவிடப் பத்து வயதுதான் சிறியவர். மாமா என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். ஊரையே ஆளும் பிரபு நீட்டிய கையைப் பற்றாமல் நிற்பது மரியாதையா? பற்றிவிட்டேன். என் கையெல்லாம் சேறு. அதைக் குலுக்கிக்கொண்டே பின்னால் நின்ற தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, "நீங்கதான் சாட்சி" என்றார்.

தகப்பன் கையைக் கொடுத்தால் பெண்ணைக் கொடுத்ததாகப் பொருள். இது நம் ஜனத்தில் பன்றி மேய்ப்பவனுக்கும் தெரியும். அறுபத்தெட்டு வயதுக் குருவான எனக்குத் தெரியாதா? தெரியும். கையை உருவிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

மில்த்ரித் தயிர் வடிகட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். "கை உங்களுது அப்பா. கழுத்து என்னுது."

"நீயே பிரபுகிட்ட ஒரு வார்த்தை..."

"மூணு தடவை சொல்லியாச்சு. வெக்கப்படறேன்னு நெனச்சுக்கறாரு. நான் வேணாம்னு கத்தினா, பாரு எப்படி வெக்கப்படறான்னு ஆளுங்ககிட்ட சொல்லிச் சிரிக்கிறாரு. தகப்பன் சொன்னாத்தான் செல்லும். யோசிச்சுப் பாருங்க, அந்தாளு ரெண்டு பொண்டாட்டியையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீங்க கேட்டிருக்கீங்களா?"

யோசித்தேன். இல்லை.

"நீங்க சொல்லலேன்னா பெகுவத் தூக்கிட்டுக் கன்னியர் மடத்துக்குப் போயிடுவேன்" என்றாள். அவள் சொன்னால் செய்வாள். செத்துப்போன அவளுடைய அம்மாவும் அப்படித்தான்; இந்தப் பக்கத்துக் குருக்கள் பலரைப் போல நானும் கல்யாணம் செய்துகொண்டவன். மில்த்ரித் விதவை; அவள் மகள், என் பேத்தி பெகுவுக்கு ஐந்து வயது. மடத்துக்குப் போனால் இருவரையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 23, புதன்

போனேன். பிரபு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரிடம் சொல்லக்கூடாது.

ஏப்ரல் 25, வெள்ளி

இன்று தூங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

எதையும் முறைப்படி செய்தால் பயம் தெளியும் என்று நினைத்து, சொல்ல வேண்டியதை முதலில் லத்தீனில் அமைத்துப் பார்த்தேன். மறுப்பதற்கு அந்த மொழியில்தான் எத்தனை அழகான வழிகள்! பணிவோடு மறுக்கலாம், வருத்தத்தோடு மறுக்கலாம், மறுக்கிறோம் என்றே தெரியாமல் மறுக்கலாம். மாலைக்குள் அருமையான ஒரு வாக்கியம் தேறியது.

பிரபுவுக்கு லத்தீன் தெரியாது.

ஏப்ரல் 30, புதன்

பெரிய செய்தி. அரசர் உயிரோடு இருக்கிறார்! பனிக்காலம் முழுக்கச் சதுப்புக்காட்டில் விலாங்கு மீனைத் தின்றுகொண்டு ஒளிந்திருந்தாராம். ஆயுதம் எடுக்கக்கூடிய ஆண்கள் எல்லோரும் அடுத்த வாரம் எல்லைக்கல்லில் கூட வேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். கடல் தாண்டிக் கொள்ளையடிக்க வந்த டேனியர்கள் அரசருடைய மாளிகையில் உட்கார்ந்துகொண்டு நம் தானியத்தைத் தின்னத் தொடங்கி நாலு மாதமாகிறது. விதைக்கு வைத்திருந்த பார்லியைக்கூட விடவில்லை. இந்தப் போரில் தோற்றால் இங்கிலாந்தில் நமக்கென்று ஒரு சாண் நிலம் மிஞ்சாது என்கிறார்கள்.

ஊரில் ஒரே ஆரவாரம். பெண்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். கொல்லன் தில்லா ஈட்டிமுனைகளை அடிக்கிற சத்தம் ஓயவே இல்லை.

ஓஸ்லாக் பிரபு என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "ஜெயிச்சுட்டு வந்து, ஜூன் கடைசில யோவான் திருநாளன்னிக்குக் கல்யாணம். நீங்களும் வர்றீங்க மாமா. நம்ம புனிதரோட தாடையெலும்பப் பேழையோட கழுத்துல மாட்டிக்கிட்டு எங்க பின்னாடி நில்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

போர்க்களத்துக்கு நானா? முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆகட்டும் ஐயா" என்று வந்தது.

மே 4, ஞாயிறு

வெற்றிக்காகச் சிறப்புப் பூசை. ஊர் முழுக்க முழங்காலில் நிற்கிறது. நான்தான் ஜெபத்தை முன்சொல்ல வேண்டும். "ஆண்டவரே, எங்களுக்கு வெற்றியைத் தாரும்" என்று தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது, வெற்றி என்றால் கல்யாணம். தோற்றால் எல்லோர் கழுத்தும் போய்விடும். ஜெயித்தால் மில்த்ரித்தின் கழுத்து. நடுவே ஏதாவது கேட்க முடியுமா? ஜெயிக்கட்டும், ஆனால் யோவான் திருநாள் கழித்து மெதுவாக ஜெயிக்கட்டும் என்று?

இன்னொரு வழியும் மனதில் எட்டிப் பார்த்தது. போரில் யாரும் சாகலாம். ஒரு பிரபுகூட. அந்த நினைப்பு வந்ததும் மார்பில் அறைந்துகொண்டேன். சாமிக்கு எவ்வளவு பக்தி என்று பின்வரிசையில் ஒரு கிழவி சொன்னது காதில் விழுந்தது.

மே 6, செவ்வாய் (எல்லைக்கல்)

மூன்று மாவட்டத்து ஆட்கள் கூடியிருக்கிறார்கள். இவ்வளவு பேரை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. அரசர் வந்தபோது எழுந்த முழக்கத்தில் பறவைகளெல்லாம் மரத்தை விட்டுப் பறந்தன. எனக்கு முன்னால் நின்றவன் உயரமானவன். அரசரைப் பார்த்ததாக ஊரில் போய்ச் சொல்லலாமா? அரசரைப் பார்த்தவன் முதுகைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

மே 7, புதன் (காட்டில்)

பொழுது சாய்வதற்கு முன் ஓஸ்லாக் பிரபுவைத் தேடிப்போனேன். இன்று சொல்லிவிடுவது என்று உறுதி. ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து கோடரியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கோடரி தீட்டுகிறவரிடமும் சொல்லக்கூடாது என்று திரும்பப் பார்த்தேன். கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"மாமா, யாருகிட்டயும் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

இந்த மனிதருக்கா?

"நாலு போர் பாத்துட்டேன். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் வயிறு கலக்கிடும். உங்களுக்கு எப்படி?"

"எனக்குப் போருக்கு முந்தின நாள் மட்டுமில்லைங்க. எல்லா நாளும் அப்படித்தான்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். பாவசங்கீர்த்தனம் செய்யக் கேட்டார். செய்வித்தேன். என்ன சொன்னார் என்பதை எழுத முடியாது. ஆனால் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு எழுந்த ஒருவரிடம், அதே மூச்சில், உமக்கு என் மகள் கிடையாது என்று எப்படிச் சொல்வது?

மே 9, வெள்ளி

நேற்றுதான் போர். எழுத இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

எங்கள் ஆட்கள் கேடயத்தோடு கேடயம் சேர்த்துச் சுவர் போல நின்றார்கள். குன்றின் மேல் டேனியர்களும் அப்படியே. நான் பேழையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றேன். பின்னால் வந்த இன்னொரு ஊர்க் கூட்டம், "தள்ளுங்க, தள்ளுங்க" என்றது. நான் இதில் சேர்ந்தவன் இல்லை, வழிவிடுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மூன்றாம் வரிசைக்கு வந்துவிட்டேன்.

இந்த நாட்டின் தலையெழுத்தை எழுதிய போரில் நான் பார்த்தது என்ன என்று யாராவது கேட்டால், ஒரு முதுகு. மாட்டுத்தோல் சட்டை, இடது தோளில் புதுத் தோலில் ஒட்டு. பன்னாவின் முதுகு. ஊரில் வேலி கட்டுகிறவன். காலை முழுக்க அந்த ஒட்டின் தையலைப் பார்த்துக்கொண்டே சங்கீதம் சொன்னேன். இரும்பு மோதுகிற சத்தம், ஆட்கள் முக்குகிற சத்தம். கத்தல்கூட அவ்வளவு இல்லை. பாரம் இழுக்கும் மாடுகள் போல முக்கல்தான். ஒரு சமயம் நிமிர்ந்து பார்த்தபோது அந்த முதுகு அங்கே இல்லை. கீழே இருந்தது.

அவன் இருந்த இடைவெளி வழியாக ஒரு டேனியன் உள்ளே வந்துவிட்டான். கதவு உயரம். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பேழையை முன்னால் நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான். வெள்ளித்தகடு போட்டது அல்லவா? ஈட்டியைப் போட்டுவிட்டு இரு கையாலும் பற்றி இழுத்தான். வார் என் கழுத்தில். அவன் இழுக்க நானும் போனேன். "விடுய்யா கெழவா!" என்றான். அவர்கள் பேச்சு நமக்குப் பாதிக்கு மேல் புரியும். "கழட்ட வரலை" என்றேன். உண்மையாகவே வரவில்லை, வார் காதில் மாட்டிக்கொண்டது. இருவரும் சேற்றில் விழுந்தோம்.

அப்போதுதான் வேறொருவன் என் தலைக்கு மேல் வாளை ஓங்கியிருக்கிறான். நான் பார்க்கவில்லை. ஓஸ்லாக் பிரபு பார்த்திருக்கிறார். கோடரியைக் கீழே போட்டுவிட்டு, இரு கையாலும் என் சட்டைக் கழுத்தைப் பற்றிப் பின்னால் இழுத்தார். வாள் மண்ணில் இறங்கியது. பிரபுவின் கோடரி பிரபுவின் வலது காலில் இறங்கியது. பெருவிரலில் பாதி போய்விட்டது. அந்தக் காலோடு திரும்பி நின்று அந்த வாள்காரனைக் கீழே கிடந்த ஒரு கேடயத்தாலேயே அடித்து வீழ்த்தினார்.

பிற்பகல் அவர்களுடைய சுவர் உடைந்தது. ஓடினார்கள். நம் ஆட்கள் துரத்திப் போனார்கள். நான் பன்னாவின் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டியதைச் செய்தேன்.

பேழையை இழுத்தவன் கை வாரில் சிக்கியிருந்ததால் பிரபு இழுத்தபோது என்னோடே வந்துவிட்டான்; கடைசிவரை விடுபடவில்லை. சுவர் உடைந்ததும் ஆட்கள் வந்து பார்த்தபோது அவன் மேல் நான் உட்கார்ந்திருந்தேன் என்கிறார்கள். நான் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தேன் என்பதை யாரும் நம்பவில்லை.

மே 24, சனி

ஊர் திரும்பினோம். மாளிகைக் கோட்டைக்குள் ஓடி ஒளிந்த டேனியர்களைப் பசி பணியவைத்துவிட்டது. பிணையாட்கள் கொடுத்தார்கள். அவர்களுடைய அரசனும் தலைவர்களும் ஞானஸ்நானம் பெறுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

போனபோது சாமி. வந்தபோது வீரர். கோயில் வாசலில் எனக்கு மாலை போட்டார்கள். "வெறுங்கையால ஒரு டேனியனப் புடிச்சீங்களாமே சாமி!" என்று தில்லா கேட்டான். இல்லை என்று சொல்ல நினைத்தேன். பெகு என் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

பன்னாவின் மனைவி வாசல் வரை வரவில்லை. நான்தான் அவள் வீட்டுக்குப் போனேன்.

மே 26, திங்கள்

பிரபு நொண்டிக்கொண்டே வந்து கல்யாண விருந்துக்கு எத்தனை பன்றி என்று கேட்டுவிட்டுப் போனார்.

மில்த்ரித் கட்டிலில் என் எதிரே உட்கார்ந்தாள். "சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? என் உசுரக் காப்பாத்தினவரு. காலையே குடுத்திருக்காரு."

"உசுருக்கு நன்றி சொல்லுங்க. காலுக்கு மருந்து போடுங்க. நானே பச்சிலை அரைச்சுத் தர்றேன். என்னை எதுக்கப்பா குடுக்கறீங்க?"

பச்சிலையை உண்மையிலேயே அரைத்துக் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோனேன். பிரபு அதை முகர்ந்துவிட்டு, "பாத்தீங்களா, ஆசை இருக்கு" என்றார்.

ஜூன் 5, வியாழன்

பேழையை இழுத்து எங்களிடம் சிக்கிய டேனியனின் பெயர் ஸ்கெக்கி. தன் சொந்த ஞானப்பிள்ளையாக்கிப் பத்து நாளில் ஆயர் முன் நிறுத்தப்போகிறார் பிரபு. விசுவாசத்தைக் கற்பிப்பது என் பொறுப்பு. பிரபுவின் தானியக் கொட்டகையில் பாடம்.

பத்துக் கட்டளைகளில் கொலையை ஒப்புக்கொண்டான். களவுக்கு விளக்கம் கேட்டான். "கடல் தாண்டிப் போய் எடுத்தாலுமா?"

"எங்கே எடுத்தாலும்."

"பெரியவரே, அப்ப நாங்க எதுக்குக் கப்பல் கட்டினோம்?"

நல்ல கேள்வி. ஆயர் கேட்டால் மட்டும் இதைக் கேட்காதே என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஞானத்தந்தை என்றால் என்ன என்று ஸ்கெக்கிக்கு விளக்கினேன். உன்னை ஞானஸ்நானத்திலோ, அதன்பின் ஆயர் நெற்றியில் தைலம் பூசும் உறுதிபூசுதலிலோ பிடித்துக்கொள்கிறவர் உனக்குக் கடவுள் முன் தகப்பன். அவருடைய மகளை நீ கட்டக்கூடாது. உன்னைப் பெற்ற தாயை அவர் கட்டக்கூடாது. அவர்கள் இருவரும் இனி உடன்பிறந்தவர்கள் மாதிரி.

"எங்கம்மாவப் பாத்தா அவரே கேக்க மாட்டாரு" என்றான். பிறகு, "உங்களுக்கு ஏதோ மனசுல இருக்கு. பாடம் சொல்லும்போது மூணு தடவை பெருமூச்சு விட்டீங்க."

வேறு யாரிடம் சொல்ல? சொன்னேன். கையைக் கொடுத்தது, சாட்சி, யோவான் திருநாள்.

"இவ்வளவுதானா? போய் முடியாதுன்னு சொல்லுங்க."

"நீ சொல்லியிருக்கியா, உங்க தலைவர்கிட்ட?"

யோசித்தான். "குன்று மேல நிக்கும்போது, இன்னிக்கு வேணாம் நாளைக்குச் சண்டை போடலாம்னு சொல்லணும்னு தோணிச்சு. சொல்லல." வைக்கோலை மென்றான். "சொல்லியிருக்கலாம்."

ஜூன் 15, ஞாயிறு

ஆயர் வந்து போய்விட்டார். நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன். ஒழுங்காக நடக்கவில்லை.

முதலில் ஸ்கெக்கிக்கு ஞானஸ்நானம். தண்ணீர் குளிர்கிறது என்று மட்டும்தான் குறை சொன்னான். அடுத்து உறுதிபூசுதல். வழக்கப்படி, பெறுகிறவன் தன் காலை ஞானத்தந்தையின் வலது கால்மேல் வைத்து நிற்க, ஆயர் நெற்றியில் தைலம் பூசுவார். ஸ்கெக்கி தன் காலைத் தூக்கிப் பிரபுவின் வலது கால்மேல், அந்தப் பெருவிரல்மேல், வைத்தான். பிரபு எழுப்பிய சத்தத்தை ஆயர் ஆமென் என்று எடுத்துக்கொண்டு, "எத்தனை உருக்கம்!" என்றார். பிரபுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆயர் இந்தப் பக்கம் வந்து ஆறு வருடமாகிவிட்டது. அதனால் ஊர்க் குழந்தைகளுக்கும் பூசிவிடலாம் என்றார். வரிசையில் பெகுவும். அவளைப் பிடிப்பதாகத் தில்லா ஒப்புக்கொண்டு புதுச் சட்டையெல்லாம் போட்டு வந்திருந்தான். அவள் முறை வந்ததும் பிரபு அவனை முழங்கையால் ஒதுக்கினார்.

"கொல்லன் எதுக்கு? நாளைக்கு என் வீட்டுக்கு வர்ற கொழந்தை. நானே புடிக்கிறேன்."

நான் தைலத்தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். அந்தக் கணத்தில்தான் எனக்குள் ஏதோ இடறியது. பெகுவைப் பிடித்தால் இவர் பெகுவின் ஞானத்தந்தை. பெகுவின் தாய்...

"ஐயா" என்றேன்.

"சும்மா இருங்க மாமா."

"ஐயா, ஒரு சின்ன விஷயம்..."

"அப்புறம் பேசலாம்."

"இல்லைங்க, இதுல ஒரு..."

"தட்டு ஆடுது பாருங்க, தைலம் கொட்டப்போகுது!"

ஆயர் என்னை முறைத்தார். தட்டு உண்மையாகவே ஆடிக்கொண்டிருந்தது. பெகு தன் சின்னக் காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, சரியாக அந்தப் பெருவிரல்மேல் ஏறி நின்றாள். மறுபடியும் ஒரு ஆமென்.

ஆயருக்குக் கல்யாணப் பேச்சு தெரியாது. பிரபுவுக்குச் சட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

என் குரல் சின்னது. எப்போதும் சின்னதுதான். மூன்று முறை சொல்ல முயன்றேன், அது உண்மை. ஆனால் பாத்தியில் கோழி இறங்கினால் விரட்டுகிற அளவுக்காவது கத்தினேனா? பயத்தில் அடங்கினேனா, வேண்டுமென்றே அடங்கினேனா? ஆண்டவரே, எனக்கே தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

மில்த்ரித்திடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பெகுவைத் தூக்கி அந்தக் காலுக்கு முத்தம் கொடுத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. பிரபுவுக்கு யாரு சொல்றது?"

நான் வெங்காயப் பாத்தியைப் பார்க்க எழுந்தேன்.

"அப்பா, இப்பவும் நீங்க சொல்லலேன்னா செவ்வாக்கிழமை கல்யாணம் நடந்துடும். பாவமும் சேரும். ரெண்டும் நமக்குத்தான்."

ஜூன் 22, ஞாயிறு

பிரபு வீட்டு வாசலில் பன்றிகளைக் கட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்துக் கத்துகின்றன. அவற்றுக்கும் என் நிலைமைக்கும் அதிக வித்தியாசமில்லை.

ஜூன் 23, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கூடத்தில் பிரபு கல்யாணத்துக்குக் காய்ச்சிய மதுவை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத் தைலத்துக்குக் கட்டிய வெள்ளைத் துணி இன்னும் தலையில் இருக்க, ஸ்கெக்கி பீப்பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தான். ஆட்கள் நாலைந்து பேர்.

"வாங்க மாமா! ஏன் மொகம் வெளிறிக் கெடக்கு?"

"ஐயா, நான் உங்களுக்கு மாமாவாக முடியாது."

வாக்கியம் வெளியே வந்துவிட்டது. திரும்ப உள்ளே போட வழியில்லை. மீதியையும் சொன்னேன், ஸ்கெக்கிக்குச் சொன்ன பாடத்தையே. நெற்றியில் தைலம், கால்மேல் கால், ஞானத்தந்தை, பெற்ற தாய், உடன்பிறப்பு. பிரபு கேட்கக் கேட்கச் சிவந்தார்.

"கையக் குடுத்தீங்களே! சாட்சி இருக்கு!"

"கையக் குடுத்தது நெசந்தாங்க. அதுக்கப்புறம் நீங்க காலக் குடுத்துட்டீங்களே. அதுக்கு ஆயரே சாட்சி."

விவரத்துக்காகத்தான் சொன்னேன். ஸ்கெக்கி பீப்பாயைப் போட்டுவிட்டான். ஆட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள், தோள்கள் குலுங்கின.

பிரபு சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் குவளையை உருட்டிவிட்டு, மெல்லிய குரலில், "சரி, ஒரு நல்ல குதிரைய ஆயருக்கு அனுப்பறேன். மறந்துடுவாரு. நீங்களும் மறந்துடுங்க. முடிஞ்சுது" என்றார்.

இங்கேதான் நான் வழக்கமாக "ஆகட்டும் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியேறுவேன். வாய் அதற்குத் தயாராகவும் இருந்தது. கதவு என் பின்னால்தான். ஆனால் கால் திரும்பவில்லை. என்ன நடந்தது என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"ஆயர் மறந்தாலும் முடியாதுங்க. இப்படி ஒரு சட்டமே இல்லேன்னாலும் முடியாது. அவளுக்கு இஷ்டமில்லை. எனக்கும் இல்லை. இத நான் அன்னிக்கு வெங்காயப் பாத்தியிலயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"உங்க உசுரக் காப்பாத்தினேன்."

"ஆமாங்க. அதுக்குச் சாகற வரைக்கும் உங்களுக்காக ஜெபம் பண்ணுவேன். ஆனா காப்பாத்தினது என்னைத்தானே? அவளை இல்லையே."

அடிப்பார் என்று நினைத்தேன். மாறாக, அவர் முகத்தில் கோபம் மெல்ல மெல்ல இறங்கி, வேறு ஏதோ ஒன்று வந்தது.

"வெக்கப்படறான்னு நெனச்சேன்" என்றார்.

"இல்லைங்க."

"நெசமாவே வேணாம்னு சொன்னாளா?"

"மூணு தடவைங்க."

பிரபு தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரிடமோ கேட்பது போல, "என் ரெண்டு பொண்டாட்டிங்களும்கூட மொதல்ல ரொம்ப வெக்கப்பட்டாளுங்களே..." என்றார்.

வணங்கிவிட்டு வந்தேன். வாசலில் பன்றி கட்டிய கயிறு தடுக்கி விழுந்தேன். ஸ்கெக்கிதான் தூக்கிவந்து வீட்டில் விட்டான். "குன்று மேல நீங்க எங்க பக்கம் நின்னிருக்கணும் பெரியவரே" என்றான்.

ஜூன் 24, செவ்வாய்

யோவான் திருநாள். காய்ச்சிய மது வீணாகக்கூடாது என்று பிரபு ஊருக்கே ஊற்றச் சொல்லிவிட்டார். அவர் வரவில்லை. பன்றிகளுக்கு ஒரு மாதம் ஆயுள் நீட்டிப்பு.

மில்த்ரித் எனக்குப் பிடித்த பாலாடைக்கட்டியை, கேட்காமலே, பெரிய துண்டாக வைத்தாள்.

ஜூலை 9, புதன்

பிரபு என்னோடு பேசுவதில்லை. கோயிலில் தூணைப் பார்த்துக் கும்பிடுகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து பிரபு வாசலில் நின்றார். கையில் ஒரு கூடை பேரிக்காய். "என் ஞானப்பிள்ளைக்கு" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு மில்த்ரித்தின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமி, "மில்த்ரித்" என்றார். அவ்வளவுதான். அவள் தலையசைத்துக் கூடையை வாங்கிக்கொண்டாள்.

ஸ்கெக்கிக்குப் பன்னாவின் வீட்டு வேலியைக் கட்டும் வேலை. கோணலாகக் கட்டுகிறான். பன்னாவின் மனைவி வாசலில் நின்று ஒவ்வொரு கழியாகப் பிடுங்கித் திரும்ப நடச் சொல்கிறாள். நடுகிறான்.

செப்டம்பர் 29, திங்கள்

மிக்கேல் திருநாள். ஓஸ்லாக் பிரபுவுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். மணப்பெண் வெர்பர், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் மது காய்ச்சி விற்கிற விதவை. ஜூனில் கல்யாண மதுவுக்கு இரவல் கொடுத்த பீப்பாய்கள் திரும்பி வரவில்லை என்று சண்டை போட வந்தவள்; பிரபுவைவிட உரக்கப் பேசுகிறவள் இந்த நாட்டில் உண்டு என்பதை ஊர் அன்றைக்குத்தான் அறிந்தது.

ஆற்றங்கரையில் கூட்டம். நான் அவளிடம் நேராகவே கேட்டேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "வெர்பர், உனக்குச் சம்மதமா?"

"சம்மதம் சாமி."

அண்ணன்மார் யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்டேன். தனக்கு அண்ணன்மாரே இல்லை என்றாள். கையை உயர்த்தி ஆசீர்வதிக்கப் போனேன். பிரபு என் பக்கம் குனிந்தார். காது வரை சிவந்திருந்தது.

"சாமி, இன்னொரு தடவை கேளுங்களேன். நல்லா வெளங்கற மாதிரி."

"யோவ், உனக்குத்தான் இஷ்டமில்லையா?" என்றாள் வெர்பர்.

கேட்டேன். சம்மதம் என்றாள். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.